எபாக்சி இறுகும் முன்னே

மதுரை வில்லாபுரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள், குளியலறை டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டாம், எபாக்சியே போடுங்கள் என்று கேட்பதுண்டு. கறை பிடிக்காது, தண்ணீர் இறங்காது. மறுநாள் பார்த்தால் இடுக்கு அழகாக இருக்கும். மேஸ்திரியின் பட்டித் தகடும் கரண்டியும் கல்லாகிக் கிடக்கும். தின்னரில் ஊறப்போட்டாலும் அசையாது. உளி வைத்துத் தட்டினால் தகடுதான் வளையும்.

பெயிண்டில் இருக்கும் தின்னர் ஆவியாகிறது, ஃபெவிகாலில் இருக்கும் தண்ணீர் வற்றுகிறது. அதனால் அவை காய்கின்றன. எபாக்சி காய்வதே இல்லை. அதன் இரு பகுதிகளான ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்த நொடியிலிருந்து, ஹார்ட்னரில் உள்ள அமீன்கள் ரெசின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கத் தொடங்குகின்றன. முடிவில் பிரிக்க முடியாத ஒரு வலை உருவாகிவிடுகிறது. பச்சைச் செங்கல் தண்ணீரில் கரையும், சூளையில் வெந்த செங்கல் கரையாது, இங்கும் அப்படித்தான். இறுகியதை அசிட்டோனில் போட்டால் கொஞ்சம் உப்பலாம், கரையாது.

சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் 1930களில் பல் மருத்துவத்துக்குப் பொருள் தேடிய ஆய்வில் பிறந்த பிசின் இது. சீபா நிறுவனம் 1946இல் இதை அரால்டைட் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. நம் ஹார்டுவேர் கடைகளில் இரட்டை டியூபாக விற்கிறதே, அதேதான்.

மதுரை வெயிலை இங்கே கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சூடு 10 டிகிரி ஏறினால் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கலவை இறுகும் முன் வேலையை முடிக்க டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. அதில் 60 நிமிடம் என்றிருந்தால், மே மாதத்து 40 டிகிரியில் 20 நிமிடம் சொச்சம்தான் கையில் இருக்கும். வினையே சூட்டையும் கக்கும். கலவையை ஆழமான டப்பாவில் குவித்து வைத்தால் சூடு வெளியேற வழியின்றிப் புகைகூட வரும். அகலமான தட்டில் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

கருவியைக் காப்பாற்றுவதும் இந்த நேரத்துக்குள்தான். முதலில் பழைய துணியால் கெட்டியாக வழித்தெடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். பிறகு வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள். அதிலுள்ள அமிலம் அமீனோடு சேர்ந்து பிசுக்கை விடுவிக்கும். அதற்கும் போகாததற்கு அசிட்டோன். ஆனால் அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பற்றும். பீடி, அடுப்பு, வெல்டிங் பொறி எதுவும் அருகில் கூடாது. டைல்ஸ் எபாக்சிகளில் பல, இறுகும் முன் ஈர ஸ்கிரப்பருக்கும் சோப்புத் தண்ணீருக்குமே வந்துவிடும்.

இறுகிவிட்டதென்றால் மிஞ்சுவது பெரும்பாலும் சூடுதான். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 60, 70 டிகிரியைத் தாண்டினால் இளகும். ஹீட் கன்னை மெல்லக் காட்டி, இளகும்போதே சுரண்டினால் தகடு பிழைக்கும். நெருப்பில் போட்டுக் கொளுத்துவது மட்டும் வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. கலக்குவதற்கு பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் டப்பா வைத்துக்கொண்டால் இந்தப் பாடே இல்லை. எபாக்சி அவற்றில் ஒட்டாது. இறுகியதும் டப்பாவை நெளித்தால் ஓடுபோல உரிந்து வரும்.

கருவியைவிட எனக்குக் கவலை கையைப் பற்றித்தான். கையில் பட்டதைத் தின்னரால் கழுவும் வழக்கம் வேலை நடக்கும் இடங்களில் இருக்கிறது. தின்னர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டு, ரெசின் உள்ளே இறங்க வழி திறக்கிறது. அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரலாம். அது ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பிறகு துளி பட்டாலும் தோல் வெடித்து அரிக்கும். கைத்தொழிலை நம்பிய ஒருவருக்கு இது பிழைப்பையே பறிக்கும். துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

மீந்த ரெசினையும் ஹார்ட்னரையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இரண்டையும் கலந்து மெல்லிதாகப் பரப்பி இறுகவிட்டால் தீங்கில்லாத கட்டியாகிவிடும். பிறகு குப்பையில் போடலாம். வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எபாக்சி டப்பா வாங்கும்போது வேலைக்காரர்களுக்கு நைட்ரைல் கையுறையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.