அணுவெண்ணும் கருவின் ஏற்றமும்

வகுப்பிடாப்பிலே ஒவ்வொரு மாணவன் பெயருக்கும் எதிரே ஓர் இலக்கம் இருக்கும். அவ்விலக்கம் அவனுடைய உயரத்தையோ அறிவையோ காட்டுவதன்று. பெயர் கூப்பிடுவதற்கு வசதியாக இட்டது. ஐதரசன் 1, ஈலியம் 2, பொன் 79 என மூலகங்களுக்கு வழங்கும் அணுவெண்ணும் ஒருகாலத்தில் அத்தகைய இலக்கமாகவே இருந்தது. மூலகங்களை அணுநிறைப்படி நிறுத்தினால் ஒன்றுக்கு எத்தனையாவது இடம் வாய்க்கின்றதோ, அதுவே அதன் எண். அந்த எண் உண்மையில் அணுக்கருவின் மின்னேற்றமே என்பது எங்ஙனம் புலனாயிற்று என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

அணுவின் நடுவிலே மிகச் சிறிய, நேரேற்றம் பெற்ற கரு ஒன்று உண்டென 1911இல் இரதபோட் காட்டினார். அவ்வேற்றம் எவ்வளவு? அது மூலகத்தின் வரிசையெண்ணுக்குச் சமமாகலாம் என்று வன் டென் புறூக் என்னும் ஒல்லாந்தர் கூறினார். கூற்று அழகியதே, ஆயினும் சான்று வேண்டுமல்லவா?

அச்சான்றை 1913இல் மான்செஸ்டர் நகரில் தேடத் தொடங்கியவர் மோசிலி என்னும் இளைஞர். அவர் வெவ்வேறு உலோகத் துண்டுகளை ஒரு சிறு வண்டியில் அடுக்கி, வளியகற்றிய குழாயினுள்ளே பட்டுநூலால் இழுத்து, ஒவ்வொன்றையும் இலத்திரன் கற்றையின் எதிரே நிறுத்தினார். தாக்குண்ட உலோகம் தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை வீசிற்று. அவற்றைப் பளிங்கொன்றின் மீது விழச்செய்து, ஒளிப்படத் தட்டிலே பதிந்த கோடுகளை அளந்தார். கல்சியம் முதல் நாகம் வரை பத்து மூலகங்களை ஆராய்ந்தபோது, மீடிறனின் வர்க்கமூலம் ஓர் எண்ணுக்கு ஒரு படியாக, ஒரே அளவில் உயரக் கண்டார். கல்சியத்துக்கும் தைத்தேனியத்துக்கும் இடையில் மட்டும் இரு படிகள். அங்கே இருக்கவேண்டிய இசுக்காந்தியத்தை அவர் ஆராயவில்லை. வெறுமையாய்க் கிடந்த அதன் இடம் படத்திலேயே தெரிந்தது!

இக்கதிர்கள் கருவுக்கு மிக அண்மையிலுள்ள இலத்திரன்களிடமிருந்து எழுவன. அவற்றைப் பற்றியிழுப்பது கருவின் ஏற்றமே. ஆகவே படிப்படியாக உயர்ந்தது அவ்வேற்றமே என்று மோசிலி துணிந்தார்.

கோபாற்றும் நிக்கலும் இதற்கு நல்ல உரைகல். கோபாற்றின் அணுநிறை 58.93, நிக்கலினது 58.69. நிறையை நோக்கின் நிக்கலே முன்னிற்க வேண்டும். இரசாயன இயல்போ அதற்கு மாறானது. மோசிலியின் கோடுகள் கோபாற்றுக்கு 27, நிக்கலுக்கு 28 எனத் தீர்ப்பளித்து, நெடுங்கால வழக்கொன்றை முடித்துவைத்தன.

கருவிலுள்ள நேரேற்றத் துணிக்கைக்குப் புரோத்தன் என்னும் பெயரை இரதபோட் 1920இல் வழங்கினார். ஒரு புரோத்தனுக்கு ஓரலகு நேரேற்றம். இலத்திரனுக்கு அதே அளவு மறையேற்றம். கருவிலுள்ள மற்றத் துணிக்கையாகிய நியூத்திரனுக்கு ஏற்றமில்லை. அது நிறையை மாத்திரம் கூட்டும். ஆதலாற்றான் 35, 37 என்னும் இரு திணிவெண்களுடைய குளோரின் அணுக்கள் இரண்டும் 17 புரோத்தன்களையே கொண்டு, ஒரே மூலகமாக நிற்கின்றன. இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. நாம் உண்ணும் உப்பிலே சோடியம் ஓரலகு நேரேற்றத்தோடு இருக்கின்றது என்பர். அது ஓர் இலத்திரனை இழந்த முழு அணுவின் கணக்கு. கருவின் ஏற்றமோ அப்போதும் 11 அலகே.

1920இல் சட்விக் என்பார், அல்பாத் துணிக்கைகள் சிதறும் வகையை அளந்து, கருவின் ஏற்றத்தை நேராகவே கணித்தார். செம்புக்கு 29.3 எனக் கிடைத்தது. அதன் அணுவெண் 29.

மோசிலி 1914இல் தம் ஆய்வைப் பொன்வரை நீட்டியபோது, 43, 61, 75 ஆகிய இடங்கள் வெறுமையாயிருந்தன. அவற்றுக்குரிய மூலகங்கள் இனித்தான் கண்டறியப்படவேண்டும் என்றார். 75 கண்டறியப்பட்டது 1925இல், 43, 1937இல், 61, 1945இல். அவற்றுள் ஒன்றையேனும் அவர் கண்டிலர். முதலாம் உலகப் போரிலே படையிற் சேர்ந்த அவர், 1915 ஓகஸ்ட் 10ஆந் தேதி கலிப்பொலிக் களத்தில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 27.