கூச்சக்காரப் பூனைக்குப் புகுந்த வீடு

பிராணிகள் காப்பகத்துக்குப் பூனை எடுத்துவரப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஏறக்குறையப் பெண் பார்க்கும் படலம் மாதிரிதான் அது நடக்கும். ஓடிவந்து காலை உரசும் குட்டி ஐந்து நிமிஷத்தில் மனசைக் கவர்ந்துவிடுகிறது. "இதுவே போதும்" என்று கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கூண்டின் பின் மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து, "சீக்குப் பூனை போலிருக்கிறது" என்பார் ஒருவர். "ரொம்பக் கர்வம்" என்பார் இன்னொருவர்.

சீக்கும் இல்லை, கர்வமும் இல்லை. அதற்குப் பயம். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்தாலேயே மாசக்கணக்கில் அது அங்கேயே தங்கிப் போகிறது. குட்டிகள் வந்து வந்து போகும். இது மட்டும் வயசாகிக்கொண்டே இருக்கும்.

பயம் எங்கிருந்து வந்தது?

பூனைக்குட்டி மனிதர்களைச் சிநேகம் பிடித்துக்கொள்ள ஒரு பருவம் உண்டு. பிறந்து 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரை என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அந்த நாட்களில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, பிற்பாடு யாரிடமும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். விறகு அடுக்குக்குப் பின்னாலோ, பாழ் வீட்டிலோ அந்தப் பருவத்தைக் கழித்த குட்டிக்கு மனிதன் என்றாலே பூதம்தான்.

சில பூனைகள் நல்ல வீட்டில் வளர்ந்திருக்கும். எஜமானர் வீடு மாறியிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். ஒரே நாளில் தெரிந்த முகம், தெரிந்த வாசனை எல்லாம் போய்விடும். தெனாலிராமன் வளர்த்த பூனை முதல் நாள் கொதிக்கும் பாலில் வாய் வைத்துச் சுட்டுக்கொண்டது. அப்புறம் பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் பழமொழி அல்ல. பூனையின் சுபாவமே அதுதான்.

அடைக்கலம் தந்தவர்கள்

தமிழ்நாட்டில் இந்த வாயில்லா ஜீவன்களுக்கு வழி செய்தவர்களில் இரண்டு பெண்மணிகளை நாம் மறக்கக்கூடாது. கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்த ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்யசபை அங்கத்தினராக இருந்தபோது 1953-ல் பிராணி வதைத் தடுப்புக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். அதன் பலனாக 1960-ல் சர்க்காரே சட்டம் இயற்றியது. 1962-ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவியும் அவரே. மற்றொருவர் உஷா சுந்தரம். அவரும் விமானி, கணவர் காப்டன் சுந்தரமும் விமானி. ஆகாயத்தில் பறந்த அந்தத் தம்பதிகள் 1959-ல் சென்னையில் தொடங்கியதுதான் புளூ கிராஸ். இன்றும் கிண்டியில் நாயும் பூனையும் அங்கே அடைக்கலம் பெறுகின்றன.

ஆனால் காப்பகம் என்பது சத்திரம் மாதிரி. எத்தனை நன்றாக நடத்தினாலும் சத்திரம் வீடாகிவிடாது. நாய் குரைக்கும் சத்தமும், தினம் ஒரு புது முகமும் கூச்சக்காரப் பூனையை இன்னும் ஒடுங்கச் செய்யும். அதற்கு வேண்டியது ஒரு வீடு.

எந்த வீடு பொருத்தம்?

ஜாதகம் பார்க்க வேண்டாம். வீட்டைப் பார்த்தால் போதும். வாண்டுப் பயல்கள் நாலு பேர் ஓடி விளையாடும் வீடு இதற்குச் சரிப்படாது. சாயங்காலமானால் பத்திரிகையும் கையுமாகச் சாய்வு நாற்காலியில் உட்காரும் பெரியவர்கள் உள்ள வீடு உத்தமம். ஏற்கனவே ஒரு சாதுப் பூனை இருந்தாலும் நல்லதுதான். மூத்தது பழகுவதைப் பார்த்து இளையது தைரியம் கொள்வது உண்டு.

புதுக்கோட்டையில் நேர் கோடு கிழித்தாற்போல் ஓடும் வீதிகளிலும், திருக்கோகர்ணத்திலும், திருமயம் பக்கத்துக் கிராமங்களிலும் பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. திண்ணை, கூடம், முற்றம், பரண் எல்லாம் உண்டு. பூனைக்குப் பரண் சொர்க்கம். ஆனால் முற்றம்தான் ஆபத்து. அங்கிருந்து ஒரே தாவில் ஓட்டுக்கூரை. அதற்கப்புறம் பூனையை எந்த வீதியில் தேடுவது? அப்படிப்பட்ட வீடானால், கதவு நன்றாகச் சாத்தும் உள்ளறை ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

பூனையைக் கொடுக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். "மடியில் வந்து படுத்துக்கொள்ளும்" என்று பொய் சொல்லிக் கொடுத்தால், பத்தாம் நாள் பூனை திரும்பி வந்துவிடும். "ஒரு மாசம் இதன் வால்கூட உங்கள் கண்ணில் படாமல் இருக்கலாம், சம்மதமா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டு "சம்மதம்" என்கிறவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கிருகப்பிரவேசம்

நல்ல நாள் பார்ப்பது அவசியம். பஞ்சாங்கத்தில் அல்ல. தீபாவளி வெடி, பொங்கலுக்கு வெள்ளையடிப்பு, வீட்டில் கல்யாணம் ஆகியவை நெருங்கும் சமயத்தில் அழைத்துவராதீர்கள். காற்றுப் புகும் மூடிய கூடையில், மேலே துணி போர்த்திக் கொண்டுவாருங்கள். தாய்ப் பூனை குட்டியைப் பிடரியில் கவ்விப் போவதைத்தான் வைஷ்ணவப் பெரியவர்கள் 'மார்ஜார நியாயம்' என்று சரணாகதிக்கு உதாரணம் காட்டினார்கள். அது குட்டிக்குச் சரி. வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் வலியும் பயமும்தான் மிச்சம்.

முதல் சில வாரங்களுக்கு ஒரே அறை. ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர் மூலையில் அகலத் தட்டில் மணல். எல்லாவற்றையும்விட முக்கியம் ஓர் அட்டைப் பெட்டி. ஹாலந்து தேசத்துக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பயம் தெளிந்தன என்று 2014-ல் எழுதியிருக்கிறார்கள். ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வரத் தைரியம் வரும் போலிருக்கிறது!

பெட்டிக்குள் கையை விடாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டோ பூத்தொடுத்துக்கொண்டோ மெல்லிய குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். அது எட்டிப் பார்த்தால் முறைத்துப் பார்க்க வேண்டாம். கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறவுங்கள். பூனை பாஷையில் அது நமஸ்காரம். இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலைக்காரர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின. அப்படிச் செய்த அந்நியரிடம் கிட்டவும் வந்தன.

குறைந்தது மூன்று வாரமாவது வெளியே விடாதீர்கள். பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும்.

சாப்பாடும் வைத்தியமும்

சைவக் குடும்பங்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பூனை மாமிசபட்சிணி. மாமிசத்திலும் மீனிலும் கிடைக்கும் 'டாரின்' என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண்ணும் இருதயமும் கெட்டுவிடும். தயிர் சாதம் மட்டும் போட்டு வளர்ப்பது புண்ணியமாகாது. மீன் சமைக்க மனமில்லாதவர்கள், பூனைக்கென்றே விற்கும் தயார் உணவை வாங்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால்கூட ஜீரணிக்காது. வெங்காயம், பூண்டு கூடாது. ஜுரம் என்று மனிதருக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு எமன்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் உண்டு. வருஷந்தோறும் போட வேண்டும். கருத்தடை ஆபரேஷனையும் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பட்டால் ஒன்பது வாரத்தில் குட்டிகள். அவற்றுக்கு வீடு தேடி அலைவது யார்? புதுக்கோட்டைக்காரர்கள் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். பக்கத்து ஜில்லாவில், ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பயந்த பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சாக்குப் பை வேண்டாம்

ஒத்துவராத பூனையைச் சாக்கில் கட்டி வெள்ளாற்றுக்கு அக்கரையிலோ மீன் மார்க்கெட்டிலோ விட்டுவரும் வழக்கம் இன்னும் போகவில்லை. "அது எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கூச்சக்காரப் பூனை பிழைத்துக்கொள்ளாது. மற்றப் பூனைகளோடு சண்டையிட்டு எச்சில் மீனைப் பறிக்க அதற்குத் தெரியாது. பசித்துச் சாகும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஆகவே பூனையைக் கொடுக்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும்: "சரிப்படாவிட்டால் எங்களிடமே கொண்டுவந்துவிடுங்கள். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டோம்." முதல் வாரம் ஒரு தரம், மாசம் முடிந்ததும் ஒரு தரம் போய் க்ஷேமம் விசாரித்துவிட்டு வாருங்கள். புகுந்த வீடு எத்தனை நல்லதாயிருந்தாலும், பிறந்த வீட்டுக் கதவு தாழ்ப்பாள் போடாமல் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று நம் வாசகிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.