கணக்குக் கேட்கலாம், முத்திரை குத்தலாமா?

பிரான்ஸில் ஒரு சங்கம் தொடங்க, பெயர், நோக்கம், முகவரி, பொறுப்பாளர் விவரங்களை எழுதி அரசு அலுவலகத்தில் கொடுத்தால் போதும். ஐந்து நாளுக்குள் ரசீது தந்தாக வேண்டும். பிறகு அரசிதழில் அறிவிப்பு வரும். அன்றுமுதல் சங்கம் தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். 1901 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டம் தந்த உரிமை இது. பாரிஸில் ஈழத் தமிழர் நடத்தும் சங்கங்களும் இதன்கீழ்தான் பதிவாகின்றன.

1970-இல் தீவிர இடதுசாரி ஏடு ஒன்றுக்கு ஆதரவாக எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். உள்துறை அமைச்சர் சொன்னபடி அதிகாரி ரசீது தர மறுத்தார். நிர்வாக நீதிமன்றம் அது தவறு என்றது. உடனே அரசு சட்டத்தையே திருத்தப் பார்த்தது: சந்தேகம் இருந்தால் முதலில் நீதிபதி பார்க்கட்டும், அதுவரை ரசீது கிடையாது. செனட் தலைவர் அலேன் போயெர் இதை அரசியலமைப்பு மன்றத்துக்குக் கொண்டுபோனார். 1971 ஜூலை 16 அன்று மன்றம் அந்தத் திருத்தத்தை வெட்டி எறிந்தது. சங்கம் உருவாக அதிகாரியின் முன் அனுமதி மட்டுமல்ல, நீதிபதியின் முன் அனுமதியும் தேவையில்லை என்றது. ரசீது என்பது தாள் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்.

பொறுப்பு இல்லையா என்றால், உண்டு. ஆண்டுக்கு 1,53,000 யூரோவுக்கு மேல் அரசு மானியமோ நன்கொடையோ பெறும் பிரெஞ்சுச் சங்கம் தணிக்கையாளரை வைத்து, கணக்கை வெளியிட வேண்டும். ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது நியாயம்தானே.

ஹங்கேரி 2017-இல் கேட்டது வேறு. வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு 72 லட்சம் ஃபோரிண்ட் பெறும் சங்கம் அதைப் பதிவு செய்ய வேண்டும். தன் இணையதளத்திலும் வெளியீடுகளிலும் ‘வெளிநாட்டு ஆதரவு பெறும் அமைப்பு’ என்று போட்டுக்கொள்ள வேண்டும். விளையாட்டு, மத அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. மனித உரிமைக்காகவும் அகதிகளுக்காகவும் உழைப்பவர்களுக்கு இல்லை. இதைப் பொறுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்டை வீட்டார் சந்தேகத்தோடு பார்க்கட்டும் என்று நெற்றியில் ஒட்டும் சீட்டு அது.

2020 ஜூன் 18 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்தச் சட்டம் ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வெளிப்படைத்தன்மை நல்ல நோக்கம்தான். ஆனால் வெளிநாட்டுப் பணம் என்றாலே ஆபத்து என்று ஒட்டுமொத்தமாக அனுமானிப்பது, பணம் எல்லை தாண்டும் சுதந்திரத்தையும் சங்கம் சேரும் உரிமையையும் மீறுகிறது என்றது. அடுத்த ஆண்டே ஹங்கேரி அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் 2023 டிசம்பரில் ‘இறையாண்மைப் பாதுகாப்பு அலுவலகம்’ அமைக்கச் சட்டம் வந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்குவோரை விசாரிப்பது அதன் வேலை. 2024-இல் ஐரோப்பிய ஆணையம் மறுபடியும் அதே நீதிமன்றத்தின் படியேறியது.