தடுக்கப்பட்ட உதையும் அதன் விதியும்

அமெரிக்க உதைபந்தாட்டம் எனப் பெயர் பெற்ற விளையாட்டிலே பந்து பெரும்பாலும் கைகளிலேதான் செல்கின்றது. காலுக்கு வேலை வருவது சிற்சில வேளைகளில் மட்டுமே. ஆயினும் ஆட்டத்தின் முடிவு அவ்வேளைகளிலே தங்கிவிடுவதுண்டு. 1993ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி, நன்றி நவிலும் திருநாளன்று, டெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த ஆட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

அன்று அங்கே வழக்கத்துக்கு மாறாகப் பனி பெய்து மைதானம் வெண்மையாகக் கிடந்தது. டல்லாஸ் கவ்போய்ஸ் அணியினர் 14 புள்ளிகளும் மயாமி டொல்பின்ஸ் அணியினர் 13 புள்ளிகளும் பெற்றிருந்தனர். எஞ்சியிருந்தவை 15 வினாடிகள். மயாமி அணியின் பீற் ஸ்ரோயனோவிச் 41 யார் தூரத்துக்கு அப்பாலுள்ள கம்பங்களை நோக்கிப் பந்தை உதைத்தார். அது கம்பங்களினிடையே சென்றிருப்பின் 3 புள்ளிகள் கிட்டியிருக்கும். ஆனால் டல்லாஸ் வீரர் ஜிம்மி ஜோன்ஸ் அதனைத் தடுத்துவிட்டார். பந்து பனியிலே சுழன்று ஓடிற்று. வெற்றி கிட்டிவிட்டதென அவருடைய அணியினர் ஆர்ப்பரித்தனர்.

இவ்விடத்தில் விதியைச் சற்று நோக்குதல் வேண்டும். பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தினூடாக, மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு இருப்பதாகக் கொள்ளப்படும். தடுக்கப்பட்ட பந்து இக்கோட்டைத் தாண்டாது உதைத்தவர் பக்கமே கிடப்பின் அது இரு சாராருக்கும் பொது. எவரும் எடுக்கலாம், எடுத்து ஓடலாம். உதைத்த அணியினரே எடுத்தாலும், நான்காவதும் கடைசியுமான முயற்சியிலே வேண்டிய தூரத்தைக் கடக்காவிடின் பந்து எதிரணிக்குப் போய்விடும். உதைத்தவர் காக்கும் இறுதி வலயத்திலே எதிரணியினர் அதனைக் கைப்பற்றினால் 6 புள்ளிகள்; அவ்வலயத்தினூடாக அது வெளியேறினால் 2 புள்ளிகள்.

கோட்டைத் தாண்டிச் சென்ற பந்தின் நிலை வேறு. அதனை உதைத்த அணி தனதாக்கிக்கொள்ள இயலாது. எதிரணியினர் வாளா இருந்தாலும் பந்து அவர்களுக்கே உரியது. ஆனால் கோட்டுக்கு அப்பால் அவர்களுள் ஒருவர் அதனைத் தொட்டு நழுவவிட்டால், உதைத்த அணியும் அதனைக் கைப்பற்றலாம். கைப்பற்றிய பின் முன்னேறி ஓடமட்டும் முடியாது. தடுக்கும்போது கோட்டருகே கை பட்டது இத்தகைய தொடுகையாகக் கருதப்படுவதில்லை. கருதப்பட்டால் உதையைத் தடுக்க எவரும் துணியார்.

அன்று பந்து கோட்டைத் தாண்டியிருந்தது. ஆதலால் டல்லாஸ் அணியினர் செய்யவேண்டிய காரியம் யாதொன்றும் இல்லை; சும்மா இருத்தலே போதும். சிலர் பந்தைத் தொடவேண்டாமெனக் கைகாட்டி விலகி நின்றனர். அவ்வேளையிலே லியோன் லெட் என்னும் பருத்த தடுப்பு வீரர் விரைந்து வந்து, பனியில் வழுக்கிப் பந்தைத் தொட்டுவிட்டார். அது நழுவி மேலும் ஓடிற்று. மயாமி வீரர் ஒருவர் இறுதி வலயத்துக்கு 1 யார் தூரத்தில் அதனைக் கைப்பற்றினார். அப்பொழுது எஞ்சியிருந்தவை 3 வினாடிகள். ஸ்ரோயனோவிச் மீண்டும் உதைத்தார். இம்முறை தூரம் 19 யார் மட்டுமே. மயாமி 16, டல்லாஸ் 14.

லெட்டின் பெயர் இன்றுவரை அப்பனியோடு சேர்த்தே பேசப்படுகின்றது. அவருடைய அணியோ அப்பருவத்தின் இறுதியாட்டத்தில், 1994 ஜனவரி 30ஆந் திகதி, பபலோ அணியை 30க்கு 13 என வென்று வாகை சூடிற்று.