நொதியம் வெட்டாத சுருளி

மாணவர்களே, நீரிழிவு நோயாளர் இன்சுலினை ஊசி மூலம் ஏற்றிக்கொள்வதை உங்கள் வீட்டிலோ அயலிலோ கண்டிருப்பீர்கள். மற்றைய மருந்துகளைப் போல இதையும் குளிசையாக விழுங்கினால் என்ன? இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதத்துக்கு நேர்வதே அதற்கும் நேரும். இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் திரிப்சினும் அதைத் துண்டுதுண்டாக வெட்டிவிடும். அப்படியானால், புரதத்தைப் போன்ற வடிவம் கொண்ட, ஆனால் இந்நொதியங்களால் வெட்டமுடியாத மூலக்கூறு ஒன்றை ஆய்வுகூடத்தில் ஆக்க முடியாதா? இரசாயனவியலாளர் சிலர் இதை முயன்று பார்த்தனர்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். அமினோ அமிலங்கள் பெப்ரைட்டுப் பிணைப்புகளால் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாகின்றன. இச்சங்கிலி மடிந்து உரிய வடிவத்தை எடுத்தால்தான் பெரும்பாலான புரதங்கள் தமது தொழிலைச் செய்யும். முட்டையை அவிக்கும்போது வெண்கரு இறுகுவது இம்மடிப்புக் குலைவதால்தான், சங்கிலி அறுவதில்லை.

மடிப்புகளுள் முக்கியமானது அல்பாச் சுருளி. லைனஸ் போலிங் 1948 இல் ஒக்ஸ்போர்ட்டில் தடிமனுடன் படுத்திருந்தபோது, சங்கிலியைக் காகிதத்தில் வரைந்து, அதை மடித்து மடித்துப் பார்த்தே இதைக் கண்டார். கோரி, பிரான்சன் ஆகியோருடன் சேர்ந்து 1951 இல் வெளியிட்டார். (கலைப்பிரிவில் படித்த எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் காகிதம்தான். நீங்களும் ஒரு கொப்பித்தாளில் செய்து பார்க்கலாம்.) ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் வரும். ஓர் அமினோ அமிலத்தின் ஒட்சிசனுக்கும், அதிலிருந்து நான்காவதாக உள்ள அமினோ அமிலத்தின் நைதரசனோடு சேர்ந்த ஐதரசனுக்கும் இடையே ஐதரசன் பிணைப்பு உண்டாகும். தனித்தனியே வலுக்குறைந்த இப்பிணைப்புகள் பல சேர்ந்து சுருளியைப் பிடித்துவைக்கின்றன. உங்கள் தலைமயிரில் உள்ள கெரற்றினும் இவ்வாறு சுருண்டதே.

இனி விடயத்துக்கு வருவோம். எமது புரதங்களில் உள்ள அமினோ அமிலத்தில் அமினோக் கூட்டத்துக்கும் காபொட்சிலிக் கூட்டத்துக்கும் இடையே ஒரு காபன் அணு உண்டு. பீற்றா அமினோ அமிலத்தில் இரண்டு உண்டு. மாற்றம் இவ்வளவுதான். காபன் கூடினால் சங்கிலி தளர்ந்து ஆடும், ஒழுங்காக மடியாது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் 1996 இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டீற்றர் சீபாக்கின் குழுவும், ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கெல்மனின் குழுவும் வெவ்வேறாகச் செய்த ஆய்வுகளில் எதிர்மாறான முடிவே கிடைத்தது. ஆறே அலகுகள் கொண்ட சங்கிலியும் உறுதியான சுருளியாகியது. சாதாரண அமினோ அமிலங்கள் ஆறினைக் கோத்தால் பொதுவாகச் சுருளி நிலைப்பதில்லை. இவ்வாறு மடியும் செயற்கைச் சங்கிலிகளுக்குக் கெல்மன் இட்ட பெயர் ‘போல்டமர்’.

பெப்சின் இச்சங்கிலியை வெட்டவில்லை. பூட்டும் சாவியும் உவமையை நினைவுகூருங்கள். நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் அதற்குரிய கீழ்ப்படையே பொருந்தும். ஒரு காபன் கூடியதும் சாவி பொருந்தவில்லை. (‘பெப்ரொயிட்’ எனப்படும் இன்னொரு வகையில் பக்கக் கூட்டம் நைதரசனிலேயே இணைக்கப்படுகிறது. அதையும் இந்நொதியங்கள் இலகுவில் வெட்டா.)

இதனால் என்ன பயன்? ஆபிரிக்கத் தவளை ஒன்றின் தோலில் பற்றீரியாவைக் கொல்லும் மகெய்னின் என்ற பெப்ரைட்டை மைக்கல் சஸ்லொவ் 1987 இல் அறிவித்தார். அதன் சுருளியில் ஒரு பக்கம் நேரேற்றம் கொண்டது, மறுபக்கம் நீரை வெறுப்பது. அதே அமைப்பைப் பீற்றாச் சங்கிலியில் கெல்மனின் குழு 2000 இல் ஆக்கியது. அதுவும் பற்றீரியாவைக் கொன்றது. மனிதச் செங்குருதிக் கலங்களைப் பெரிதும் பாதிக்கவில்லை.

எனினும் இன்சுலின் குளிசைக்கு இது மட்டும் போதாது. வெட்டுப்படாமல் தப்பினாலும் இவ்வளவு பெரிய மூலக்கூறு குடற்சுவரைக் கடந்து குருதியை அடைவது வேறொரு தடை.

பீற்றாச் சங்கிலி உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் ‘இன்சுலின் ஏன் வாய்வழியாகக் கொடுக்கப்படுவதில்லை?’ என்று வினவப்பட்டால், ‘சமிபாடடைந்துவிடும்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இன்சுலின் ஒரு புரதம் என்பதையும், வெட்டும் நொதியத்தின் பெயரையும், உடைவது பெப்ரைட்டுப் பிணைப்பு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.