கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது?

வகுப்பில் கொடுத்த கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு. சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போல. வீட்டில் பேச்சு எழுகிறது: வெளியே ஏதாவது வகுப்பில் சேர்க்கலாமா? அபாகஸ், வேத கணிதம், ஐஐடி ஃபவுண்டேஷன், ஒலிம்பியாட் பயிற்சி என்று நோட்டீஸ்களுக்குக் குறைவில்லை. எல்லாம் ஒன்றல்ல.

அபாகஸும் வேத கணிதமும் பெரும்பாலும் வேகத்தைத் தருகின்றன. மனக்கணக்கில் தயங்கும் பிள்ளைக்கு அது உதவலாம். ஏற்கெனவே வேகமாகப் போடும் பிள்ளைக்கு இன்னும் வேகம் எதற்கு? ஃபவுண்டேஷன் வகுப்புகள் பல, ஏழாவது படிக்கும்போதே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நடத்துகின்றன. இரண்டு ஆண்டு கழித்து அதே பாடம் பள்ளியில் வரும்போது பிள்ளைக்குச் சலிப்பு இரட்டிப்பாகும். இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேவை ஆழம் என்பதே என் கருத்து. உடனே விடை வராத, உட்கார்ந்து யோசிக்க வைக்கும் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. 9 என்பதை அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுதலாம்: 4+5. இன்னொரு விதமாக 2+3+4. பதினைந்தை மூன்று விதமாக எழுதலாம்: 7+8, 4+5+6, 1+2+3+4+5. அப்படி எழுதவே முடியாத எண்கள் எவை? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் தெரிந்தால் போதும், தாளை எடுத்துத் தேடத் தொடங்கிவிடும். 2 வராது, 4 வராது, 8 வராது, 16 வராது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்கள்தான் சிக்குகின்றன என்று கண்டுபிடிக்கும் நேரம் பொன்னானது. ஏன் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். எத்தனை எண்களைக் கூட்டுகிறோமோ அந்த எண்ணிக்கையை, முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்த தொகையால் பெருக்கினால் கூட்டலின் இரண்டு மடங்கு வரும். பெருக்கிய அந்த இரண்டு எண்களில் ஒன்று எப்போதும் 1-ஐ விடப் பெரிய ஒற்றைப்படை. 8, 16 போன்றவற்றின் இரண்டு மடங்கை 1 தவிர வேறெந்த ஒற்றை எண்ணும் மீதியில்லாமல் வகுக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே இந்த இடத்துக்கு வந்து சேரலாம். பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூட முன்னால் ஓடவில்லை. ஆனால் நிரூபணம் என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது.

ஒலிம்பியாட் என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பள்ளிகளில் பணம் கட்டி எழுதும் தனியார் தேர்வுகள் பலவற்றுக்கும் அந்தப் பெயர்தான். பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்குச் செல்லும் வழி வேறு: முதலில் ஐஓக்யூஎம் என்ற தகுதித் தேர்வு, பிறகு ஆர்எம்ஓ என்ற வட்டாரத் தேர்வு, ஐஎன்எம்ஓ என்ற தேசியத் தேர்வு, பயிற்சி முகாம், கடைசியில் ஆறு பேர் கொண்ட இந்திய அணி. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதற்குப் பொறுப்பு. ஐஓக்யூஎம் தேர்வில் 3 மணி நேரத்துக்கு 30 கேள்விகள். ஆர்எம்ஓவில் அதே 3 மணி நேரத்துக்கு வெறும் 6. பன்னாட்டுப் போட்டியில் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், கேள்விகள் 3 மட்டுமே. மேலே போகப்போக வேகத்துக்கு மதிப்புக் குறைகிறது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சென்னையிலேயே ஒரு நல்ல வாசல் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்எம்டிசி என்ற கணிதத் திறன் போட்டியை ஐந்தாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். பரிசு கிடைக்காவிட்டாலும் பழைய கேள்வித்தாள்களே நல்ல பாடம். பணம் செலவழிக்க முடியாத வீட்டுக்கும் வழி உண்டு: தமிழில் வரும் துளிர் இதழ், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் அட் ரைட் ஆங்கிள்ஸ் இதழ். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்குச் சேலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் ப்ரீகாலேஜ் மேத்தமேட்டிக்ஸ் என்ற புத்தகம் ஒன்றே பல மாதம் தாங்கும்.

ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளை தப்பான விடை சொன்னால் ஆசிரியர் சரியானதைப் பலகையில் எழுதிவிட்டு நகர்கிறாரா, எப்படி யோசித்தாய் என்று கேட்கிறாரா? ஒரு கணக்குக்கு இரண்டு பிள்ளைகள் இரண்டு வழி சொன்னால் இரண்டையும் பேச நேரம் தருகிறாரா? வகுப்பு முடிந்து வண்டியில் வரும்போது பிள்ளை மதிப்பெண்ணைச் சொல்கிறதா, கணக்கைச் சொல்கிறதா என்பதையும் கவனியுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் கணக்கைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் தயங்காமல் நிறுத்திவிடலாம்.