டர்போ காருக்குக் கிளட்ச்சும் பிளைவீலும்: ஏமாறாமல் வாங்க வழி

நம் சங்க உறுப்பினர்களில் மாட்டுவண்டியில் சரக்கு இறக்கிய காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றோ நடுத்தர மளிகைக் கடைக்காரர்கூட ஒரு டீசல் கார் வைத்திருக்கிறார். காலையில் மார்க்கெட்டுக்கு அதுதான். மாலையில் வசூலுக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்கும் அதுவே. பின் சீட்டை மடக்கினால் பத்து எண்ணெய் டின்னும் இரண்டு பருப்பு மூட்டையும் ஏறிவிடும். இப்படி ஓடும் கார்களில் பெரும்பாலானவை டர்போ வண்டிகள். அவற்றில் கிளட்ச் போனால் செலவு சில்லறைச் செலவு அல்ல. நான் பட்ட பாட்டைச் சொன்னால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போடிமெட்டு ஏற்றத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் என் கார் நின்றுவிட்டது. மேலே எஸ்டேட் கடைகளுக்குச் சம்பள நாளுக்குள் சேர வேண்டிய சரக்கு உள்ளே இருந்தது. எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை. பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். வேறு வண்டி பிடித்துச் சரக்கை ஏற்றுவதற்குள் பொழுது போய்விட்டது. அந்தப் பயணத்தில் லாபம் என்று எதுவும் இல்லை.

அதன்பின் நான் செய்ததுதான் பெரிய தவறு. வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில், "டர்போ வண்டிக்குச் சாதா கிளட்ச் தாங்காது, ரேஸ் செட் போட்டுவிடுங்கள்" என்றார்கள். பீங்கான் கலந்த பட்டன் வைத்த கிளட்ச் பிளேட், கெட்டியான பிரஷர் பிளேட், எடை குறைத்த பிளைவீல் என்று மூன்றையும் தலையில் கட்டினார்கள். ஏற்றத்தில் வழுக்கல் நின்றது உண்மை. ஆனால் பெடலை மிதிக்க முழங்கால் வலித்தது. கடைவீதி நெரிசலில் ஒவ்வொரு முறை நகரும்போதும் வண்டி குதித்தது, அடிக்கடி அணைந்தது. கடைப் பையன் சாவியை வாங்கவே மறுத்தான். கடைசியில் மறுபடி கியர்பாக்ஸை இறக்கி, கம்பெனி அளவிலேயே எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

டர்போ என்ன செய்கிறது?

புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் காற்றைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். மாருதி ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது 1248 சி.சி. எஞ்சின்தான், அது 2000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைக் கொடுத்தது. ஏறக்குறைய அதே அளவுள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 115-ஐ ஒட்டித்தான் கொடுக்கும், அதுவும் 4000 சுற்றுக்கு மேல். மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்த வண்டிகள் நம் ஊர்களில் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

குறைந்த சுற்றில், திடீரென்று வரும் இந்த விசையைத்தான் கிளட்ச் தாங்க வேண்டும். பிளேட்டின் விட்டம், பிரஷர் பிளேட்டின் அழுத்தம், லைனிங்கின் பிடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே கிளட்ச்சின் தாங்கும் திறன். எஞ்சின் விசையைவிடக் கால் பங்காவது கூடுதலாக அது இருக்க வேண்டும். கம்பெனி கிளட்ச் இந்தக் கணக்குப் போட்டே வருகிறது. ஆகவே வண்டியின் எஞ்சின் கம்பெனி நிலையில் இருக்கும்வரை ரேஸ் கிளட்ச் எதற்கும் தேவையில்லை. பிக்கப் கூட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ட்யூனிங் செய்து, 190 என்பதை 230, 240 என்று ஏற்றியவர்களின் கதை வேறு. இடையில் விட்டு வைத்த கால் பங்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. அவர்களும் பட்டன் பிளேட்டுக்குப் போகாமல், சாதா லைனிங்கிலேயே அழுத்தம் சற்றுக் கூடுதலான செட் கிடைக்கிறதா என்று முதலில் தேடட்டும்.

பிளைவீல் விஷயம்

பிளைவீலின் எடை சுமை அல்ல, சேமிப்பு. சுழலும் எடைதான் சரக்கோடு வண்டி நகரும்போது எஞ்சினை அணையாமல் காக்கிறது. எடை குறைந்தால் எஞ்சின் சட்டென்று சுற்றேறும். பந்தயத்துக்கு நல்லது, பஜாருக்கு ஆகாது.

டர்போ டீசல்கள் சிலவற்றில் டூயல் மாஸ் பிளைவீல் என்று ஒன்று வருகிறது. இரண்டு தட்டுகள், நடுவே ஸ்பிரிங்குகள். எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985-இல் இதைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. அவர்களுடைய கிளட்ச் தொழிற்சாலை ஓசூரில்கூட உண்டு. இந்தப் பிளைவீலின் விலை சாதாவைப் போலப் பல மடங்கு. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் 'கடகட' என்று தட்டும் சத்தம் கேட்டால் அதன் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படலாம். ஒற்றைத் தட்டுப் பிளைவீலாக மாற்றித் தரும் செட்டுகளும் கிடைக்கின்றன. செலவு குறையும், ஆனால் நியூட்ரலில் கியர் சத்தமும் உடம்பில் அதிர்வும் கூடும். நெடுந்தூரம் ஓட்டும் வண்டியாக இருந்தால் நான் மாற்ற மாட்டேன்.

சாதா பிளைவீலில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அது சூடேறிய அடையாளம். லேசாக இருந்தால் லேத்தில் ஃபேஸிங் எடுத்துப் போடலாம். விரிசல் கண்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். டூயல் மாஸை லேத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கிளட்ச் போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆளில்லாத சாலையில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ வண்டியில் காற்றழுத்தம் ஏறும் 2000 சுற்றை ஒட்டித்தான் இது முதலில் தெரியும். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலும் இப்படித்தான் வழுக்கும். அப்போது கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் வீண்.

கியர்பாக்ஸ் ஒருமுறை இறங்கிவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடித்து, அடுத்த ஆண்டு அதற்காக மறுபடி கூலி கொடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருவர். சேசிஸ் எண்ணைச் சொல்லி, பெட்டியில் உள்ள பாகத்தின் எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு வாங்குங்கள். நம் கடையில் போலி சோப்பு வருவதைப் போல அங்கும் போலிப் பெட்டி வருகிறது. சரக்கு வண்டி என்றால் அந்த ஜி.எஸ்.டி. பில்லுக்கு இன்புட் எடுக்கலாம்; காருக்குக் கிடையாது.

புது செட் போட்டபின் முதல் 500 கிலோமீட்டருக்குக் கனமான சரக்கு ஏற்றாமல், ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் நிற்காமல் ஓட்டச் சொன்னார் என் மெக்கானிக். அந்த இரண்டு வாரமும் எஸ்டேட் சரக்கை வாடகை வண்டியில்தான் அனுப்பினேன். இப்போது கடைப் பையனே போடிமெட்டுக்கு ஓட்டிப் போய் வருகிறான்.